சிறையும் செக்ரோலும்

தைப்பிங் நகரத்துக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலோர் ஏரிப் பூங்காவைச் சுற்றி வந்து, மழை மரங்களின் நிழலிலே சற்று அமர்ந்து, கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்து உண்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். பூங்காவுக்கு அண்மையில் நீண்டு கிடக்கும் உயர்ந்த மதிற்சுவரை ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. அது 1879-ம் ஆண்டிலே எழுந்த சிறைச்சாலை. பங்கோர் உடன்படிக்கையின் மூலம் பேராக்கில் பிரிட்டிஷார் காலூன்றி அப்பொழுது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்நாட்டின் முதல் ரயில் பாதை அதே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கியது 1885-ல். ஆகவே ரயிலுக்குச் சிறை ஆறாண்டு மூத்தது. ஓர் அரசாங்கம் எதை முதலில் கட்டுகிறது என்று பார்த்தால் அது எதற்காக வந்திருக்கிறது என்பது ஒருவாறு விளங்கிவிடும்.

அம்மதிலுக்குள்ளே நம்மவர் எவ்வாறு போய்ச் சேர்ந்தனர் என்பதையும், அதற்குள்ளே போகாமல் ஒருவனைத் திருத்தும் வழி ஏதேனும் நமக்கு இருந்ததா, இருக்கிறதா என்பதையும் இங்கே எழுத விரும்புகிறோம். இவ்விஷயம் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் உரியது என்று நண்பர்கள் எண்ணலாகாது. தோட்டத்துக் கிராணிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டை நாம் நாள்தோறும் எழுதுகிறோம். விடிந்தும் விடியாத வேளையிலே பெரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒரு குறியும் வராதவனுக்கு ஒரு குறியும் இடுவது நம் வேலை. வராதவனுக்கு இன்று அன்றைய கூலி இல்லை, அவ்வளவே. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே குறி மாஜிஸ்திரேட்டின் முன்னே சாட்சியாக நின்றது. வேலைக்கு வராதிருத்தல், வேலை செய்ய மறுத்தல், தோட்டத்தை விட்டு ஓடுதல் ஆகிய இவை அக்காலத்தில் குற்றங்கள். திருட்டும் அடிதடியும் எவ்வாறு குற்றமோ அவ்வாறே குற்றங்கள். கிரியான் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்ட தமிழர் இச்சட்டத்தின்கீழ்த்தான் வாழ்ந்தனர். கப்பல் கூலியும் முன்பணமும் அவர்கள் தலைமேல் கடனாக ஏறியிருக்கும். அக்கடன் தீருமுன் வாய்க்காலைத் தாண்டியவன் ‘ஓடிப்போனவன்’. பிடிபட்டால் அபராதம் அல்லது சிறை. ஓடித் திரிந்த நாட்களும் சிறையில் இருந்த நாட்களும் ஒப்பந்த நாட்களில் சேரா. அவற்றை அவன் மறுபடி உழைத்துத் தீர்க்கவேண்டும். ஒரே பிழைக்கு உடலால் ஒரு முறையும் காலத்தால் ஒரு முறையும் தண்டனை.

இதற்கு வேர் இந்தியாவிலேயே இருந்தது. 1859-ம் ஆண்டின் வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் ஒன்று உண்டு. முன்பணம் பெற்ற வேலையாள் வேலையை விட்டால், பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். இதே காலத்தில் இங்கிலாந்திலும் எஜமான் வேலையாள் சட்டத்தால் தொழிலாளர் சிறை சென்றுகொண்டுதான் இருந்தனர். ஆனால் அங்கே தொழிலாளர் சங்கம் கட்டிப் போராடினர். 1875-ல் அச்சட்டம் ஒழிந்தது. அது முதல் ஆங்கிலத் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் எஜமான் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கலாமே தவிர, அவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. மகாராணியாரின் அதே முடியின்கீழ் வாழ்ந்த தமிழனுக்கோ அதற்குப் பின்னும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சிறைதான். ஆங்கிலப் பள்ளியிலே படித்த நமக்கு இங்கிலாந்தின் பார்லிமெண்டு சரித்திரம் போதித்தார்கள். 1875-ஐப் பற்றி ஒரு வரி போதித்தார்களில்லை.

1910-ல் மலாய்க் கூட்டு நாடுகளின் ஒப்பந்தக் கூலிகள் நிலையை ஆராயப் பார் என்னும் அதிகாரியின் தலைமையில் ஒரு கமிஷன் அமர்ந்தது. அவ்வாண்டோடு தென்னிந்தியரை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவருவது நின்றது. பிறகு கங்காணி ஆட்சி வந்தது. ஆயினும் தொழிற் பிழைக்குச் சிறை என்னும் விதி உடனே மறைந்துவிடவில்லை. 1920-க்குப் பிந்திய முதற் சில ஆண்டுகளிலேதான் அது இங்கே நீங்கியது. இலங்கைத் தோட்டங்களிலும் ஏறத்தாழ அதே காலத்தில் நீங்கியது. இந்தியாவில் 1859-ம் ஆண்டுச் சட்டத்தை ஒழிக்கும் மசோதா 1925-ல் நிறைவேறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத் துரைமார் தம் கூலியாட்கள் சிறையிலிருப்பதை விரும்பியவர்கள் அல்லர். சிறையிலிருப்பவன் கரும்பு வெட்டமாட்டான். பால் மரம் சீவமாட்டான். அவர்கள் வேண்டியது ஆள் திரும்பி வருவதே. ஆகையால் சிறை என்பது மாஜிஸ்திரேட்டின் மேசைமேல் வைக்கப்பட்ட பிரம்பு. அதைக் காட்டி, ‘தோட்டத்துக்குத் திரும்பிப் போ’ என்பதே பெரும்பாலும் நோக்கம். இன்று அறிஞர்கள் ‘சிறைக்கு மாற்று’ என்று பேசுகின்றனர். நம் சரித்திரத்தில் சிறைக்கு முதல் மாற்று எது என்று கேட்டால், தோட்டமே என்று விடையளிக்க நேர்கிறது. மதிலில்லாத சிறை. இதை மனத்திலே கொள்ளாமல் ‘சிறைக்கு வெளியே தண்டனை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டிவிடக் கூடாது.

இன்னொரு கேடும் இதனால் விளைந்தது. சம்பளம் அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போவது குற்றமென்று சட்டம் சொல்லுமானால், குற்றம் என்னும் சொல்லுக்கே பொருள் தேய்ந்துவிடும். உழைப்பாளியும் கைதி, கன்னக்கோல் வைத்தவனும் கைதி என்றானபின், சிறை சென்றவனைக் கண்டு வெட்கப்படவும் முடியாது, அவனைத் திருத்தவும் தோன்றாது. கோர்ட்டு என்றால் நமக்கு எதிரானது. அங்கே வாய் திறவாமல் தலையாட்டிவிட்டு வருவதே புத்தி என்னும் பழக்கம் மட்டும் எஞ்சியது. இப்பழக்கம் இன்னும் போகவில்லை என்பதைப் பின்னே சொல்வோம்.

நம்மவருள் சிலர், கோர்ட்டும் போலீசும் நமக்கு எதற்கு, நம் பஞ்சாயத்து இருந்ததே, கோயில் முன்னே கூடி நாமே தீர்த்துக்கொண்டோமே என்று பழம்பெருமை பேசுவர். பஞ்சாயத்து இருந்தது உண்மை. லயத்துச் சண்டை, கடன், சீட்டுப் பணத் தகராறு முதலியவற்றை அது சிறைக்கு அனுப்பாமல் தீர்த்ததும் உண்மை. ஆனால் அங்கே உட்கார்ந்தவர் யார்? கங்காணியும் அவர் உறவினரும் மேற்சாதி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவருமே. நின்றவர் யார்? தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும். கொடுக்கப்பட்ட தண்டனைதான் யாது? காலில் விழு, ஊருக்கு விருந்து வை, உன் வீட்டில் நெருப்பும் தண்ணீரும் புழங்கோம் என்பவை. சாதி விட்டு மணந்தவளைத் தள்ளி வைத்ததும் இதே பஞ்சாயத்துத்தான். 1929-ம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியபோது தோட்டத்து இளைஞர் பலர் செவிசாய்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். சமூகம் திருத்தும் என்றால், எந்தச் சமூகம் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

தாய்நாட்டுச் சரித்திரம் இன்னும் கொடியதொரு பாடத்தைத் தருகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று 1871-ல் பிறந்து, 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியிலே பிறந்தான் என்பதற்காகவே ஒருவன் கைரேகை பதிந்து, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்கி, இரவுதோறும் போலீசாரிடம் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர் இதை எதிர்த்தபோது, 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். இறந்தவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு. சர்க்கார் இதைக் கொடுமையென்று சொல்லவில்லை. ‘சீர்திருத்தம்’ என்றே சொல்லிற்று. சிறைக்குப் பதிலாகக் குடியேற்றங்கள், பள்ளிக்கூடங்கள், கிணறுகள், கூட்டுறவுச் சங்கங்கள். பள்ளிக்கூடங்கள் நன்மை செய்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அவை இன்றும் நடைபெறுகின்றன. ஆனால் பகலில் பையனுக்குப் பாடம், இரவில் தகப்பனுக்குப் பெரட்டு என்பது என்ன சீர்திருத்தம்? சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அச்சட்டம் ஒழிந்தது. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த மதுரை ஜில்லாக்காரருள் இரவுப் பெரட்டிலிருந்து தப்பிக் காலைப் பெரட்டுக்கு வந்து சேர்ந்தவரும் இருந்திருப்பர்.

இனி நல்ல வழியைச் சொல்வோம். அது ஒரு செருப்புத் தைப்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1841-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கோர்ட்டில் ஜான் அகஸ்டஸ் என்பவர் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் தைப்பது அவர் தொழில். மதுவிலக்குச் சங்கத்தில் அங்கத்தினர். கந்தல் உடுத்த ஒரு குடிகாரனைக் கொண்டுவந்தார்கள். சிறைக்குப் போகவேண்டியவன். அகஸ்டஸ் அவனோடு சில வார்த்தை பேசிவிட்டு எழுந்து, இவனை என் ஜாமீனில் விடுங்கள் என்றார். மூன்று வாரம் கழித்து அவனைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஆளை அடையாளம் கண்டுகொள்வதே அரிதாயிருந்ததாம். நீதிபதி விதித்த அபராதம் ஒரு காசும் கோர்ட்டுச் செலவும். 1859-ல் இறக்குமுன் அந்த மனிதர் இவ்வாறு ஜாமீன் நின்றவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். 1878-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணம் இதற்கென்றே சம்பள அதிகாரியை வைக்கச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1907-ல் செய்தது; அச்சட்டம் அதிகாரிக்கு விதித்த கடமைகளிலே, குற்றம் செய்தவனுக்கு நண்பனாக இருத்தல் என்பதும் ஒன்று. போலீஸ் சட்டங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது விந்தையாகவே தோன்றும்.

நம் நாட்டிலே செருப்புத் தைப்பவரை ஊருக்கு வெளியே வைத்தோம். கோர்ட்டிலே எழுந்து நின்று பேச அவருக்கு எங்கே இடம்?

சென்னை மாகாணம் இவ்வகையில் பிற்பட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். செங்கற்பட்டில் 1887 முதலே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி இருந்தது. 1920-ல் சிறுவர் சட்டம், 1926-ல் வாலிபர்க்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936-ல் நன்னடத்தைச் சட்டம் என்று மூன்று சட்டங்கள் அங்கே வந்தன. இந்தியச் சிறைகளை ஆராய 1919-ல் நியமிக்கப்பட்ட கமிட்டிக்குத் தலைவரான கார்டியூ என்பவரும் சென்னை மாகாணத்து சிவில் உத்தியோகஸ்தரே. இந்தியா முழுவதற்கும் நன்னடத்தைச் சட்டம் வர 1958 ஆயிற்று.

மலாயாவில் இவ்வெண்ணம் யுத்தத்துக்குப் பின்னரே வேர்கொண்டது. 1946-ல் சமூக நல இலாகா. 1947-ல் சிறார் நீதிமன்றச் சட்டம். அது முதல் சிறுவர் வழக்குகளில் நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து தாய் தகப்பனை விசாரித்து அறிக்கை எழுதலானார். ஆனால் அடுத்த ஆண்டே, 1948 ஜூன் 16-ம் நாள், நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. விசாரணையில்லாத காவலும் நாடுகடத்தலும் தோட்டங்களைக் கலக்கின. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே நிகழ்ந்த தாக்குதலில் பன்னிருவர் இறந்தனர். துப்புச் சொல்லவில்லை என்று ஊர் முழுவதற்கும் ஜெனரல் டெம்ப்ளர் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். குற்றவாளி யாரென்று தெரியாதபோது, தொட்டிலிலே கிடந்த குழந்தைக்கும் அரிசி குறைந்தது.

இதே அரசாங்கம் இரண்டு ஆண்டு கழித்து, 1954-ல், நேர்மாறான ஒரு சட்டத்தையும் இயற்றியது என்பதுதான் வியப்பு. குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். ஒருவன் செய்த பிழைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையே போதும் என்று நீதிபதி கருதினால், அல்லது அபராதம் கட்ட வழியில்லாமல் ஒருவன் சிறைக்குப் போக நேர்ந்தால், சிறைக்குப் பதிலாக நாள்தோறும் ஒரு நிலையத்துக்கு வந்து நான்கு மணி நேரத்துக்கு மேற்படாமல் வேலை செய்யும்படி கட்டளையிடலாம். கெடு மூன்று மாதம். இரவு அவன் தன் வீட்டிலே உறங்குவான்; மற்ற நேரத்தில் தன் பிழைப்பைப் பார்ப்பான். அபராதம் கட்ட முடியாதவனையும் இதிலே சேர்த்ததே இச்சட்டத்தின் உயிர்நாடி என்போம். ஏனெனில் ஐந்நூறு வெள்ளி அபராதம் பணக்காரனுக்கு ஒரு வேளை விருந்து; கூலிக்காரனுக்கு அது சிறைவாசம்.

சட்டம் வந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. இடையில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து கிளம்பியவர் புந்தோங்கிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் நிறைந்தனர். லயத்திலே ஒரு பையன் தவறினால் ஐம்பது கண்கள் பார்க்கும். பட்டணத்துச் சந்திலே அவனை முதலிற் பார்ப்பவன் கும்பல்காரன். 1969-ம் ஆண்டின் அவசரகாலச் சட்டம், கோர்ட்டுக்கே கொண்டுபோகாமல் இரண்டாண்டு அடைத்துவைக்க இடம் கொடுத்தது. நம் இளைஞர் பலர் சிம்பாங் ரெங்கம் முகாமைக் கண்டது அவ்வழியில். அது 2011-ல் ரத்தாயிற்று. ஆயினும் குற்றத் தடுப்புச் சட்டத்தில் 2014-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதே கதவை வேறு பக்கமாகத் திறந்தது. 2013-ல் உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் கும்பல்களில் இருந்த நாற்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவருள் பத்தில் ஏழு பேர் இந்தியர். ஜனத்தொகையிலோ நாம் நூற்றுக்கு ஏழு. இக்கணக்கைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தவர் எத்தனை பேரோ. நாமும் அன்று அவ்வாறே செய்தோம்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. பதினெட்டுக்கு மேல் இருபத்தொன்றுக்குட்பட்ட இளைஞர்க்கு 240 மணி நேரம் வரை சமூக சேவை விதிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடந்தருகிறது. 2008 முதல் பரோல் முறை நடக்கிறது. 2011 முதல் கைதிகள் இராணுவ முகாம்களிலே தங்கிப் பயிரிடவும் மீன் வளர்க்கவும் பழக்கப்படுகின்றனர். 2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்ட உரையிலே, சில குற்றங்களுக்கு வீட்டுக்காவல் முறை கொண்டுவரச் சட்டம் இயற்றப்படும் என்று பிரதமர் அறிவித்தார். நல்லது. வீட்டுக்காவலுக்கு முதலில் வீடு வேண்டும் என்பதை மட்டும் குடிசைவாசிகள் சார்பில் நினைவூட்டுகிறோம். மனைவியை அடித்தவனை அவ்வீட்டுக்கே காவலாக அனுப்பினால் தண்டனை யாருக்கு என்பதையும் அதிகாரிகள் யோசிக்கவேண்டும். எல்லாரையும் வெளியே விடு என்று நாம் சொல்லவில்லை. ஒட்டுப்பால் திருடியவனையும் உயிரைக் கொன்றவனையும் ஒரே வாசல் வழியாக அனுப்பாதே என்கிறோம்.

சென்ற ஆண்டு நம்முடைய தோட்டத்துப் பையன் ஒருவன், இருபத்துநான்கு வயதினன், செம்பனைக் குலைகளைத் திருடி விற்றதாகப் பிடிபட்டான். அவன் தாய் நம் வாசலில் வந்து நின்று, “ஐயா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க, கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள். ஒரு பட்டணத்து நீதிமன்றத்துக்குச் சென்றோம். அன்று நம் கண்முன்னே ஏழெட்டு வழக்குகள் முடிந்தன. தமிழ்ப் பையன்கள் மூவர். மூவரும் தலைகுனிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற ஒன்றைத் தவிர வேறு சொல்லவில்லை. அபராதம் விதித்ததும் கூட்டத்திலே உறவினர் யாரும் எழவில்லை. இருவர் அப்படியே உள்ளே போனார்கள். கட்டாய வருகை என்பதை அவர்கள் கேட்டதுமில்லை. அவர்களுக்காகக் கேட்டவரும் இல்லை. பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தைப்பவரை நாம் நினைத்துக்கொண்டது அங்கேதான். உண்மையைச் சொன்னால், கால்கள் நடுங்கத்தான் எழுந்தோம்.

நாம் சொன்னது அதிகமில்லை. இவன் நாலாண்டாக எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறான், செக்ரோலின் பிரதி இதோ இருக்கிறது, முன்பு குற்றம் ஒன்றுமில்லை, வேலையை விட்டு நீக்கமாட்டோம் என்று மானேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இவனைக் கட்டாய வருகைக்கு அனுப்பலாமா என்றோம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி நம்மைப் பார்த்தார். சிறைத் துறை அதிகாரியின் அறிக்கைக்காக வழக்கை ஒத்திவைத்தார். பிறகு மூன்று மாதம், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று கட்டளையாயிற்று. திருடிய குலைகளின் விலையைச் சம்பளத்தில் தவணையாகக் கொடுக்க அவன் ஒப்புக்கொண்டான். பள்ளிவாசல் வளவு, முதியோர் இல்லம், இடுகாடு என்று அவனுக்குத் துப்புரவு வேலை.

தோட்டத்திலிருந்து அந்நிலையத்துக்கு இருபது மைல். பேருந்து கிடையாது. முதல் வாரம் நம் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டோம். பிறகு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பொறுப்பேற்றார். காலைப் பெரட்டுக்கு வந்து பதினொரு மணி வரை குலை வெட்டிவிட்டுப் போவான். செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே என்ன குறியிடுவது என்பதுதான் நமக்கு ஏற்பட்ட சங்கடம். முழு நாள் என்று போடுவது பொய். ‘வராதவன்’ என்று போடக் கை வரவில்லை. அரை நாள் என்று போட்டு, பக்கத்திலே சிறு எழுத்தில் ‘கோர்ட்டு வேலை’ என்று எழுதினோம். மாதக் கடைசியில் மானேஜர் அதைப் பார்த்து, இது என்ன புதுக் குறி என்று கேட்டார். சொன்னோம். ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார்.